வேலையை விட்டுச் செக்கு போடுவதற்கு முன்

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊரில் மரச்செக்கு போடலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் மெஷின் விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மெஷின் ஒருமுறைச் செலவு. கையைக் கடிப்பது கடலை வாங்கும் பணம்.

ஒரு தடவை ஆட்டுவதற்கு 20 கிலோ நிலக்கடலைப் பருப்பு என்றால் சுமார் 8 லிட்டர் எண்ணெயும் 11 கிலோ புண்ணாக்கும் கிடைக்கும். பருப்பு கிலோ 130 ரூபாய், புண்ணாக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,600 ரூபாயில் புண்ணாக்குக் காசு 440 போக மீதி 2,160. லிட்டருக்கு 270 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள், கரண்ட், ஆள் கூலி, வாடகை எல்லாம் சேர்ந்தால் 320-ஐத் தொட்டுவிடும். 340-க்கு விற்றால் லிட்டருக்கு 20 ரூபாய் நிற்கும். நாளுக்கு ஐந்து தடவை ஆட்டி, 40 லிட்டரும் விற்றால்தான் 800 ரூபாய். பருப்பு விலை பத்து ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 25 ரூபாய் அடக்கம் கூடும். இருந்த லாபமும் போய்விடும்.

இதே வேகத்தில் மாதம் 25 நாள் ஓட்டினால் 2.5 டன் பருப்பு, 3.25 லட்சம் ரூபாய். ஏலத்தில் எடுக்கும் சரக்குக்கு உடனே பணம் கட்ட வேண்டும். கடைகளுக்குப் போட்ட எண்ணெய்க்குப் பணம் வர 30, 45 நாள் ஆகும். ஆகவே இரண்டு மாதச் சரக்குக்கான ஆறரை லட்சம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். வீட்டுச் செலவுக்கான பணம் இதில் சேராது, அது தனி.

சரக்கு எடுக்கும் கண்தான் இந்தத் தொழிலில் எல்லாமே. கடலைக்குத் திருப்பூர் மாவட்டத்துச் சேவூர், எள்ளுக்கு ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி, கொப்பரைக்கு அதே மாவட்டத்து அவல்பூந்துறை என்று, விளைபொருளை ஏலம் விடும் அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு நேரில் போய், நாலைந்து ஏலமாவது சும்மா நின்று பாருங்கள். பருப்பைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். பல்லில் மசிந்தால் ஈரம். ஈரப் பருப்பில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு வரும், எண்ணெயும் சீக்கிரம் காறும். கொப்பரை பளிச்சென்று வெளுத்திருந்து, மோந்தால் மூக்கில் ஏறினால் கந்தகம் போட்டது, வேண்டாம். எள்ளுக்குக் கருப்பட்டி சேர்ப்பது அரைபடும் எள் விழுது (பிண்டி) இறுகி எண்ணெய் பிரிவதற்காக. 20 கிலோவுக்கு ஒரு கிலோ அளவில் போடலாம். கருப்பட்டி நசநசவென்று இருந்தால் அந்த ஈரம் எண்ணெயில் இறங்கிக் கலங்கலாகவே நிற்கும். ஆட்டிய எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளைத் துணி கட்டி மூன்று நான்கு நாள் தெளியவிடுங்கள். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டிலின் அடியில் கசடு தங்கி நாற்றம் எடுக்கும்.

ராஜினாமாக் கடிதத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளும் உண்டு. பணியில் ஐந்து ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்தால் காத்திருங்கள், கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனி பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால் சம்பளம் வரும்போதே எடுத்துவிடுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்பது தொழில் தொடங்க வங்கிக் கடனோடு மத்திய அரசு மானியம் தரும் திட்டம். முதல் தடவை அந்த மானியம் புதிய தொழிலுக்கு மட்டுமே. மெஷின் வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு விண்ணப்பித்தால் கிடைக்காது. மானியத் தொகையும் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும்.

வீட்டிலிருந்து கேன் கொண்டுவருபவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது ஊர்ப் பழக்கம். ஆனால் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு, மூடி முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும். பாட்டிலுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., எண்ணெய்க்கு 5. ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர்களுக்கு, எண்ணெய் வரியில் கழிக்க முடியாமல் தேங்கும் வரிப்பணம் 2022 ஜூலையிலிருந்து திரும்பக் கிடைப்பதில்லை. அதையும் அடக்கவிலையில் ஏற்றிவிடுங்கள்.

ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம். கண்ணளவில் ஊற்றாமல் தராசில் வைத்து நிரப்புங்கள். தேங்காயெண்ணெய்க்கு மட்டும் அகல வாய் பாட்டில் வாங்குங்கள், மார்கழியில் உறைந்துவிடும்.