ஆர்பிடி கிடைத்துவிட்டது: பத்து நிமிஷ வீடியோவை எழுதிப் பாருங்கள்

போன வாரம் ஏபிடியிலிருந்து (அமெரிக்காவின் விளையாட்டுச் சிகிச்சைச் சங்கம்) ஒப்புதல் மின்னஞ்சல் வந்தது. இனி என் பெயருக்குப் பின்னால் எல்பிசியோடு (கவுன்சிலர் லைசென்ஸ்) ஆர்பிடியும் (பதிவுபெற்ற விளையாட்டுச் சிகிச்சையாளர்) போட்டுக்கொள்ளலாம். நிம்மதிதான். ஆனால் செலவான காசையும் கரைந்துபோன சனிக்கிழமைகளையும் நினைத்தால் எரிச்சலும் வருகிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் "பொறுமையாகப் பண்ணுங்க, எல்லாம் நல்லபடியா முடியும்" என்று எழுதிவிடுவேன்.

நான் இருப்பது டாலஸ் பக்கம். டெக்சாஸ் லைசென்ஸ், முழு லைசென்ஸுக்கு முன் சூப்பர்விஷனில் வேலை பார்க்கும் அசோசியேட் காலத்து 3000 மணி நேரம், அதில் 1500 நேரடி மணி நேரம், இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். லைசென்ஸுக்கான தேர்வு என்சிஇ பற்றி ஒன்று மட்டும். 200 கேள்வியில் 160க்குத்தான் மதிப்பெண். மீதி 40 வெறும் சோதனைக் கேள்விகள், எது எது என்று சொல்ல மாட்டார்கள். தலையும் காலும் புரியாத கேள்வி வந்தால் அந்த நாற்பதில் இது ஒன்று என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

ஆர்பிடிக்குத் தேர்வே கிடையாது. அதனாலேயே பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு என்றால் அரை நாளில் முடிந்துவிடும். இங்கே 150 மணி நேரப் பாடம், குழந்தைகளோடு 350 மணி நேரம், 35 மணி நேர சூப்பர்விஷன். போதாததற்கு ஐந்து செஷன்களையாவது சூப்பர்வைசர் நேரிலோ வீடியோவிலோ பார்த்தாக வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் திணறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். என்னைக் கரையேற்றியதும் அதே வீடியோதான்.

நான் செய்தது இதுதான். வாரத்துக்கு ஒரு செஷன், அதில் பத்து நிமிஷம் மட்டும். (பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கேமராவைத் தொடவே கூடாது.) நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு கோடு. குழந்தை செய்ததும் சொன்னதும் இடப்பக்கம். நான் சொன்னது வலப்பக்கம், சொன்னபடியே, "உம்", "ஓ" எல்லாம் சேர்த்து. அப்புறம் சிவப்புப் பேனா. கேள்வி கேட்டிருந்தால் "கே". பாராட்டியிருந்தால் "பா". குழந்தை பெயர் வைக்காத பொருளுக்கு நான் பெயர் வைத்திருந்தால் "பெ". டைப் அடிக்காதீர்கள், தானாக எழுத்தாக்கும் ஆப்பும் வேண்டாம். கையால் எழுதும்போதுதான் நாம் எவ்வளவு பேசுகிறோம் என்று கை வலித்துத் தெரியும்.

குழந்தை மைய விளையாட்டுச் சிகிச்சையில் (விளையாட்டை நடத்துவது குழந்தைதான்) கேள்வி கேட்கக் கூடாது, "ரொம்ப அழகா இருக்கு" என்று மதிப்பெண் போடக் கூடாது, பொருளுக்கு நாமாகப் பெயர் வைக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், எல்லோரும் தலையாட்டுவோம். செஷன் என்னவோ ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் பேசுகிற வாய் நம் ஊர் வாய். ஒரு குழந்தையைப் பார்த்ததும் "பேர் என்ன, என்ன படிக்கிறே, இது என்ன, ஏன் இப்படிப் பண்றே" என்று அடுக்கித்தான் நமக்குப் பழக்கம். பதில் சொன்னால் "வெரி குட்". வகுப்பில் ஆட்டிய தலை இந்தப் பழக்கத்தை ஒன்றும் செய்யாது. சிவப்புப் பேனா செய்யும்.

ஒரு உதாரணம், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆறு வயதுப் பையன். மணல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை வைத்து, மேலே மணலை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் அழுத்துகிறான். என் நாக்கு நுனியில் நின்றது, "அச்சச்சோ, டைனோசரை ஏன் புதைக்கிறே, அதுக்கு மூச்சு முட்டாதா?" ஒரே வாக்கியத்தில் "கே", "பெ" இரண்டும் வந்துவிட்டன, கூடவே என் பயமும். எழுதி எழுதிப் பழகியதால் வாயில் வந்தது வேறு: "அதை முழுசா மூடிட்டே. துளிகூடத் தெரியலை." அவன் என்னைப் பார்க்காமலேயே, "செத்துப்போகலை, ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. சத்தம் போடறவங்க போனதும் வெளியே வரும்" என்றான். நான் மூச்சு முட்டலை நுழைத்திருந்தால் அந்தச் சத்தம் போடுகிறவர்கள் அந்த அறைக்குள் வந்தே இருக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னார். ஐந்து பார்வைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பாராட்டை நிறுத்துவதுதான் இன்னும் கஷ்டம். "சூப்பர்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த படத்தைக் குழந்தை உங்களுக்காகத்தான் வரையும். "ஓரம் வரைக்கும் விடாம சிவப்பு அடிச்சிருக்கே" என்று சொல்லிப் பழகுங்கள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது குழந்தையின் வேலை.

150 மணி நேரப் பாடம் பற்றி என் கருத்து, கொஞ்சம் கறாராகவே. கடைக்குக் கடை ருசி பார்க்கிற மாதிரி வாரம் ஒரு வொர்க்‌ஷாப் போகாதீர்கள். கைப்பாவைக்கு ஒன்று, மணல் தட்டுக்கு ஒன்று, அட்லேரியன் முறைக்கு ஒன்று, தெராப்ளே முறைக்கு ஒன்று என்று சான்றிதழ் சேரும், கைக்கு ஒன்றும் வராது. முதலில் இந்தக் குழந்தை மைய முறையைத் தொடங்கிவைத்த ஆக்ஸ்லைன் 1947இல் சொன்ன எட்டுக் கோட்பாடுகள், அப்புறம் அதை வளர்த்தெடுத்த லேண்ட்ரெத். இந்த அடித்தளம் ஊறிய பிறகு காட்மன் (அட்லேரியன் முறை), நெல் (சிந்தனை-நடத்தை முறை), கெர்னி தம்பதியின் ஃபிலியல் தெரபி (பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கும் முறை) என்று போங்கள். லேண்ட்ரெத் தொடங்கிய மையம் டென்டனில், நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டாலஸ்காரர்களுக்கு அது அதிர்ஷ்டம். ஸ்டடி குரூப் எனக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் நான் பேசிக்கொண்டே இருப்பேன். உங்கள் சுபாவம் வேறு என்றால் சேர்ந்து படியுங்கள்.

எல்லை வைப்பதற்கு லேண்ட்ரெத் சொல்லும் மூன்று படிகளைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லத் தெரிய வேண்டும். பொம்மை டார்ட் துப்பாக்கி உங்கள் நெற்றியைக் குறிபார்க்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. "என்னைச் சுடணும்னு உனக்கு ஆசையா இருக்கு. நான் சுடறதுக்கு இல்லை. அந்த பாப் பேக்கைச் சுடலாம்." (பாப் பேக் என்பது குத்தினால் சாய்ந்து எழும் காற்றுப் பொம்மை.) ஆசையை ஒப்புக்கொள், எல்லையைச் சொல், மாற்று வழி காட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நம் வீட்டு வழக்கம் நேராக இரண்டாவது படிக்குப் போய்விடும், அதுவும் சத்தமாக.

இப்போது சில்லறை விஷயங்கள். இவற்றில் கோட்டைவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

- சூப்பர்வைசர் ஆர்பிடி-எஸ் (ஆர்பிடி சூப்பர்வைசராகப் பதிவுபெற்றவர்) தானா என்று முதல் நாளே பாருங்கள். லைசென்ஸுக்கான சூப்பர்வைசர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் இருந்த மணி நேரம் தானாக இங்கே சேராது.
- விளையாட்டுச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸில் தனி பில்லிங் எண் இல்லை. 90834, 90837 என்று பெரியவர்களுக்குப் போடுவதுதான் இதற்கும். பில்லிங்கை வைத்து அந்த 350 மணி நேரத்தைப் பின்னால் பொறுக்கி எடுக்க முடியாது. அன்றன்றைக்கு லாக் எழுதுங்கள்.
- சூப்பர்வைசரின் கையெழுத்தை அப்போதைக்கப்போது வாங்கிவிடுங்கள். அவர் ஓய்வு பெறுவார், வேறு மாநிலம் போவார்.
- பாட நேரம் ஏபிடி அங்கீகரித்த அமைப்பிடமோ பல்கலைக்கழகத்திலோ எடுத்ததாக இருக்கட்டும். சான்றிதழை ஸ்கேன் செய்து வையுங்கள்.
- பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கவுன்சிலர் என்றால் எஸ்பி-ஆர்பிடி (பள்ளிக்கூடத்துக்கான ஆர்பிடி) வழி உங்களுக்குப் பொருந்துமா பாருங்கள்.

அறை பற்றி ஒரு புலம்பல். லேண்ட்ரெத் சொல்வது ஏறக்குறைய 12க்கு 15 அடி. நான் அசோசியேட்டாக இருந்த இடத்தில் விளையாட்டறை என்று காட்டியது ஜெராக்ஸ் மெஷினோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறை. கார்ப்பெட்டில் மணல் விழுகிறது என்று மணல் தட்டையும் எடுத்துவிட்டார்கள். மணலுக்குப் பதில் அரிசி வைக்கச் சொன்னார்கள். நிறைய இடங்களில் அப்படி வைப்பதுண்டு, தப்பில்லை. ஆனால் அரிசி தரையில் கொட்டிக் காலில் மிதிபடுவதைப் பார்த்துக்கொண்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. சோற்றை மிதிக்காதே என்று வளர்ந்தவர்களுக்குப் புரியும். குழந்தைக்கு அந்த முகம் உடனே தெரிந்துவிடும். கடைசியில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சொந்தக் காசில் மணல் வாங்கிப் போட்டேன், அடியில் ஒரு பழைய பெட்ஷீட். அறையே இல்லை என்றாலும் பரவாயில்லை. குடும்பப் பொம்மைகள், டாக்டர் செட், களிமண், கிரேயான், கயிறு, ஒரு பொம்மைத் துப்பாக்கி, ஒரு பால்புட்டி எல்லாம் ஒரு பெரிய பைக்குள் அடங்கும். விலை உயர்ந்ததும் பேட்டரியில் ஓடுவதும் வேண்டாம். உடைந்தால் உங்கள் முகம் மாறக் கூடாது, அந்த விலையில் வாங்குங்கள்.

கடைசியாக, நம்மவர்கள். இங்கே உள்ள தமிழ்ப் பெற்றோர் வரும்போது "விளையாடறதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்ற கேள்வி வரும். கோபப்படாதீர்கள். பத்து வரி விளக்கமும் வேண்டாம். "பெரியவங்க பேசித் தீர்த்துக்கறதை இந்த வயசுல விளையாடித்தான் தீர்த்துக்க முடியும்" என்றால் பெரும்பாலும் போதும். அதைவிட முக்கியமானவை மூன்று. பழைய துணி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே விடும்போது "ஆன்ட்டி சொல்றதைக் கேட்டு நடந்துக்கோ" என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது "என்ன பண்ணினே, ஜாலியா இருந்துச்சா" என்று துருவக் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே, குழந்தை இல்லாதபோது சொல்லிவிட வேண்டும். புதுச் சட்டையில் பெயின்ட்டோடு குழந்தை காரில் ஏறிய பிறகு சொன்னால் எந்த அம்மாவும் காது கொடுத்துக் கேட்க மாட்டாள்.