பிஎஸ்பியில் தெர்மாப்பிலே: '300: மார்ச் டு குளோரி' ஆடிப் பார்த்த குறிப்புகள்

'300' படத்தை ஒட்டி வந்த ஆக்‌ஷன் கேம் ஒன்று சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பிக்கு மட்டும் உண்டு. கொலிஷன் ஸ்டூடியோஸ் உருவாக்கி, வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. 2007 பிப்ரவரி கடைசியில், அமெரிக்காவில் படம் திரைக்கு வரச் சில நாள் முந்தியே கடைக்கு வந்துவிட்டது. கி.மு. 480இல் கிரீஸின் தெர்மாப்பிலே கணவாயில், ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸ் தலைமையில் கிரேக்கர்கள் பாரசீகப் படையை எதிர்த்து நின்ற அந்தப் போர் எனக்கு நெடுநாள் ஈர்ப்பு. பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றின் ஏழாம் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுவது, ஸ்பார்ட்டா வீரர்கள் சண்டை போட்டதாக அவர் சொல்லும் முறை இந்த கேமில் எடுபடுகிறதா என்று பார்ப்பது. இதுதான் திட்டம்.

தொடக்கக் கட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாம்தான் லியோனிடாஸ். வாளும் கேடயமும், இரட்டை வாள், ஈட்டி என்று மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். எதிரிகளை வீழ்த்தினால் 'க்ளியோஸ்' என்ற புள்ளிகள் சேரும். அதைக் கொடுத்து ஆயுதத்தையும் அடிமுறைகளையும் மேம்படுத்திக்கொள்ளலாம். 4.3 அங்குலத் திரையில் படத்தின் வெண்கல நிறமும் சிவப்புப் போர்வையும் எடுப்பாகவே தெரிகின்றன. பிஎஸ்பியில் கேமராவைத் திருப்ப இரண்டாவது ஸ்டிக் கிடையாது என்பதால் முதுகுப் பக்கம் வருபவன் தெரிவதில்லை. ஆகவே பாறையையோ சுவரையோ முதுகுக்கு வைத்துக்கொண்டு ஆடப் பழகினேன். கணவாய்ச் சண்டைக்கு அதுவும் பொருத்தம்தான்.

இரட்டை வாளோடு புகுந்தால் கை பரபரவென்று ஓடுகிறது, கூட்டமும் சரிகிறது. ஆனால் கேடயம் இல்லாததால் உயிர்க்கோடு மளமளவென இறங்கிவிடும். அப்புறம் கேடயத்தை உயர்த்தி, எதிரியின் அடி அதில் பட்டு அவன் தடுமாறும் நொடியில் ஒரே குத்து என்று மாற்றிக்கொண்டேன். வேகம் பாதியாகக் குறைந்தது. ஆட்டமோ இரண்டு மடங்கு நன்றாக ஆனது.

சரி, ஃபாலங்க்ஸ் (கேடயங்களை ஒட்டிவைத்து நெருங்கி நிற்கும் அணிவகுப்பு) பகுதிகளுக்கு வருகிறேன். இந்த கேமை நான் மெச்சுவதே இவற்றுக்காகத்தான். அங்கே லியோனிடாஸ் தனியாள் இல்லை. வீரர்களோடு அணிசேர்ந்து அடி மேல் அடி வைத்து முன்னேற வேண்டும். கேடயத்தைத் தூக்கித் தாங்கு, நில், ஈட்டியால் குத்து, மறுபடி ஓரடி. பொத்தானை அவசரமாகத் தட்டினால் பாச்சா பலிக்காது. உண்மையான கிரேக்கக் கேடயம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் விட்டமும் 7 கிலோ எடையும் கொண்டது. நடுவிலுள்ள பட்டைக்குள் முன்கையை நுழைத்து, விளிம்போரக் கயிற்றைக் கை பற்றிக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் கேடயத்தின் இடப்பாதி நம் உடம்பைத் தாண்டி நீளும். அது இடப்பக்கத்து வீரனுக்குக் காவல். படத்தில் ஸ்பார்ட்டா அணியில் சேரக் கேட்டு வரும் கூனன் எஃபியால்ட்டஸால் கேடயத்தை உயரத் தூக்க முடியவில்லை என்று லியோனிடாஸ் அவனை மறுப்பதும் இதனால்தான். அந்தக் காட்சியின் கனம் இந்தப் பகுதிகளை ஆடும்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து ஹெரோடோட்டஸ் சொல்லும் தந்திரம். ஸ்பார்ட்டா வீரர்கள் திடீரெனப் புறமுதுகு காட்டி ஓடுவதுபோல் பாவனை செய்வார்களாம். பாரசீகர்கள் கூச்சலோடு துரத்தி நெருங்கியதும் சட்டென்று திரும்பி நின்று வெட்டுவார்களாம். திறந்த வெளியில் என்னைச் சுற்றி வளைத்த ஒரு கூட்டத்திடம் இதைச் செய்து பார்த்தேன். பின்பக்கமாக ஓடிப் பாறை இடுக்குக்கு வந்ததும், துரத்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக நீண்டு போயிருந்தார்கள். திரும்பிக் கேடயத்தை உயர்த்தினேன். முன்னால் வந்தவன் மோதித் தடுமாற, அடுத்தவன் இடமில்லாமல் அவன் பின்னாலேயே நின்றான். இரண்டு குத்து, இரண்டு பேரும் காலி. அன்று அதற்குமேல் ஆடவில்லை. ஹெரோடோட்டஸின் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய யுத்தி ஒன்று கைக்கடக்கமான கருவியில் அப்படியே எடுபடுகிறது!

படத்தில் இல்லாத சிலரும் வருகிறார்கள். ஆர்ட்டெமிசியா ஒருவர், ஹாலிகர்னாசஸின் அரசி, பிறகு சலாமிஸ் கடற்போரில் ஐந்து கப்பல்களோடு பாரசீகர் பக்கம் நின்றவர். பாரசீக மன்னனின் 'அழியாதோர்' என்ற சிறப்புப் படையின் தலைவன் ஹைடார்னஸ் இன்னொருவர். ஹெரோடோட்டஸ் எழுதியபடி, விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் படையோடு புறப்பட்டு, அனோப்பையா மலைப்பாதை வழியே இரவெல்லாம் நடந்து கிரேக்கர்களின் பின்பக்கம் வந்தவன் இந்த ஹைடார்னஸ். கிரேக்கர் தரப்பில் பாதையைக் காத்த ஆயிரம் ஃபோக்கிஸ்காரர்களுக்கு, காலடியில் ஓக் இலைகள் சரசரத்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். கேமில் அவனை நேருக்கு நேர் சந்திப்பது எனக்குப் பெரிய விருந்து. அவனிடமும் கேடயம்தான் கைகொடுத்தது: அடியைத் தாங்கு, இடைவெளி கிடைத்தால் ஒரு குத்து, உடனே பின்வாங்கு.

ஒரு வருத்தம் உண்டு. கடைசி நாளில் லியோனிடாஸோடு விரும்பி நின்று மடிந்தவர்களில் டெமோஃபிலஸ் தலைமையிலான தெஸ்பியா என்ற கிரேக்க நகரின் 700 வீரர்களும் இருந்தார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. இதுவரை ஆடிய கட்டங்களிலும் என் கண்ணில் படவில்லை. ஃபாலங்க்ஸ் பகுதி ஒன்றிலாவது அந்த எழுநூற்றுவரை அணிவகுத்துக் காட்டியிருந்தால் அவர்கள் பெயரும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது சேரும் க்ளியோஸை ஈட்டிக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். ஈட்டிதான் அந்த வீரர்களின் முதல் ஆயுதம், வாள் அது முறிந்த பிறகுதான். மீதிக் கட்டங்களை ஈட்டியும் கேடயமுமாகவே முடிப்பதாக உத்தேசம். எதுவரை தாக்குப்பிடிக்கிறது என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.