தைராய்டு மாத்திரையைப் பழக்கத்தில் கோப்பது எப்படி

தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது டாக்டர் சொல்வது இரண்டே வரி. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்க, அரை மணி நேரம் கழிச்சு காபி குடிங்க. கேட்க எளிதாகத்தான் இருக்கும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பைத் தூண்டும் ஹார்மோன், மருந்து பத்தாவிட்டால் ஏறும்) ஏறியிருந்தால், டோஸ் பத்தவில்லை போல என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு முன்னால் அந்த அரை மணி நேரம் வீட்டில் எப்படிக் கழிகிறது என்று பார்ப்பது நல்லது. காபியோடு சேர்ந்து போனால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. பால், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இதே வேலையைச் செய்யும். கடைசி இரண்டுக்கும் வழக்கமாகச் சொல்லும் இடைவெளி 4 மணி நேரம். அதனால் அவற்றை மதியச் சாப்பாட்டோடு கட்டிவிடுவது நல்லது.

காலை காபி வேண்டும் என்று யோசித்து யாரும் குடிப்பதில்லை. வாய் கொப்பளித்த கையோடு கால் அடுப்படிக்குப் போய்விடும். பழகிப்போன செயலுக்கு ஆசைகூடத் தேவையில்லை என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2011-ல் வந்தது. டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் தியேட்டரில் சிலருக்குப் புது பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுத்தார்கள். தியேட்டர் என்றால் பாப்கார்ன் என்று பழகியவர்கள், நமத்துப்போனது என்று தெரிந்தும், புதியதைச் சாப்பிட்டவர்கள் அளவுக்கே காலி செய்தார்கள். இதையே கூட்ட அறையில் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. தியேட்டரிலேயே வழக்கமில்லாத கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழையது குறைவாகவே உள்ளே போனது. இடமும் கையின் ஓட்டமும் சேர்ந்துதான் பழக்கத்தை இழுக்கின்றன. ஆகவே ‘நாளையிலிருந்து ஒழுங்கா இருக்கணும்’ என்ற வைராக்கியத்தை நம்ப வேண்டாம். இடத்தையும் வரிசையையும் மாற்றுங்கள்.

வரிசை என்றால், மாத்திரைக்கு முந்தைய செயல் எது என்பதுதான் கேள்வி. ‘எழுந்ததும்’ என்பது சரிப்படாது. எழுந்தபின் போனைப் பார்ப்பது, கொல்லைக் கதவைத் திறப்பது, பால் பாக்கெட் எடுப்பது என்று ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ‘6 மணிக்கு’ என்பதும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை அறுந்துவிடும். அலாரம் வைத்தால் மாத்திரை போடும் பழக்கத்தைவிட அலாரத்தை அணைக்கும் பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். தினமும் தப்பாமல், ஒரே இடத்தில், தெளிவான முடிவோடு நடக்கும் செயல் ஒன்று வேண்டும். பல் தேய்ப்பதைவிடப் பொருத்தமானது கிடையாது. பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யும் பழக்கத்தைப் பற்றி 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 50 பேரில் பாதிப்பேர் பல் தேய்ப்பதற்கு முன்பும் மீதிப்பேர் தேய்த்த பின்பும் நூல் போட்டார்கள். 8 மாதம் கழித்துப் பார்த்தபோது, தேய்த்த பின்பு போட்டவர்களுக்கே பழக்கம் கூடுதலாக நிலைத்திருந்தது. முடிந்துபோன செயல் அடுத்ததைத் தானாகக் கூப்பிடும். இன்னும் தொடங்காத செயலுக்கு முன்னால் எதையாவது செருக, அதை நாமே நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதற்காக மாத்திரைக் குப்பியை பிரஷ் ஸ்டாண்டில் வைத்துவிடாதீர்கள். இந்த மாத்திரையில் உள்ள லெவோதைராக்ஸின் என்ற மருந்து ஈரத்துக்கும் சூட்டுக்கும் வீரியம் இழக்கும். பாத்ரூம் அலமாரியும் அடுப்பு மேடையும் இரண்டுமே ஆகாது. பாத்ரூமிலிருந்து அடுப்படிக்குப் போகும் வழியில், கண்மட்டத்தில், வெயில் படாத அலமாரி போதும். பக்கத்தில் மூடி போட்ட ஒரு டம்ளர் தண்ணீரை ராத்திரியே வைத்துவிடுங்கள். தண்ணீருக்காக அடுப்படிக்குப் போனால் கை காபிக்குத்தான் போகும்.

இனி அந்த அரை மணி நேரம். இதைக் கடிகாரம் பார்த்துக் காத்திருப்பவர்கள் பத்தாவது நிமிடமே தோற்றுப்போவார்கள். வேலையை வைத்து நிரப்ப வேண்டும். வாசல் பெருக்கிக் கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர், குளியல் எதுவானாலும் சரி. பில்டர் காபி வீடுகளுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. முந்தின ராத்திரியே டிகாஷன் இறக்கி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் மாத்திரை போட்ட பிறகே பில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். டிகாஷன் இறங்கி, பால் காய்வதற்குள் பெரும்பாலும் அரை மணி ஆகிவிடும். நினைத்தாலும் முன்கூட்டிக் குடிக்க முடியாது. இன்ஸ்டன்ட் காபிக்காரர்கள் பொடி டப்பாவைப் பரணுக்கு ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் வீட்டில் வேறு யாராவது காபி கலந்து கையில் கொடுப்பவர் இருந்தால் எந்தத் திட்டமும் எடுபடாது. அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

பழக்கம் நன்றாகப் படிந்த பிறகு எதிர்பாராத தொல்லை ஒன்று வரும்: ‘இன்னிக்குப் போட்டேனா, இல்லையா?’ தன்னால் நடக்கும் செயல் மனதில் பதிவதில்லை. நேற்றுப் போட்ட நினைவும் இன்று போட்ட நினைவும் ஒன்றுபோலவே இருக்கும். அட்டையில் வரும் மாத்திரையென்றால் கிழிந்த குமிழைப் பார்த்து ஓரளவு கணக்குப் போடலாம். நூறு மாத்திரை உள்ள குப்பி ஒன்றும் சொல்லாது. இதற்கு ஒரு தினசரி காலண்டர் போதும். குப்பிக்கு மேலே மாட்டி, மாத்திரையை விழுங்கிய உடனே நேற்றைய தாளைக் கிழியுங்கள். இன்றைய தேதி தெரிந்தால் போட்டாயிற்று, நேற்றைய தேதி தெரிந்தால் போடவில்லை. ஒரே நிபந்தனை, அந்தத் தாளை வீட்டில் வேறு யாரும் கிழிக்கக் கூடாது. ராசிபலன் பார்க்கும் மாமனார் இருக்கும் வீடென்றால் அவருக்குத் தனிக் காலண்டர் வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

எத்தனை நாளில் படியும்? எங்கே போனாலும் 21 நாள் என்பார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை முடிந்தவர்களுக்குப் புது முகம் பழக ‘குறைந்தது’ 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். குறைந்தது என்ற சொல் உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். தினம் ஒரு சின்னச் செயலை, அன்றாடம் நடக்கும் ஏதோ ஒன்றை ஒட்டியே செய்யவைத்ததில், தன்னால் நடக்கும் நிலைக்கு வர நடுத்தரக் கணக்கு 66 நாள். மிகக் குறைந்தது 18 நாள், மிக அதிகம் 254 நாள். 84 நாளைத் தாண்டியவை, அதுவரை கண்ட போக்கை நீட்டிப் போட்ட கணக்கு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் வந்தன, உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. மாத்திரை சுலபமான ரகம்தான். என்றாலும் இரண்டு மாதத்துக்குக் காலண்டரைக் கழற்றாதீர்கள்.

அதே ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. இந்த மருந்தும் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும், ஒரு வேளை தவறினால் பதற வேண்டாம். விட்டுப்போனால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மறுநாள் இரண்டு போடாதீர்கள்.

பழக்கம் உண்மையில் அறுவது ஊருக்குப் போகும்போதுதான். அம்மா வீட்டில் அலமாரி இல்லை, காலண்டர் இல்லை, எழுந்ததும் கையில் காபி. பல் தேய்ப்பது மட்டும் அங்கேயும் உண்டு. ஆகவே போகும் நாட்களுக்கான மாத்திரையை ஈரம் படாத சின்ன டப்பாவில் எண்ணிப் போட்டு, பேஸ்ட் இருக்கும் பையின் வெளி ஜிப்பில் வைத்துவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை நாளில் இதற்கு நேர்மாறான சிக்கல். ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருப்பார், ஆனால் படிந்த பழக்கம் அதையெல்லாம் கேட்காது. பல் தேய்த்த அடுத்த நிமிடம் மாத்திரை உள்ளே போயிருக்கும். முந்தின ராத்திரியே குப்பியை பீரோவுக்கு மாற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் லேப் சீட்டை வையுங்கள்.