மிருதங்கத்துக்கு ஆடும் சுடர்: என்வலப் எடுத்துப் பார்த்த அனுபவம்

அக்கா மகன் சில வருடங்களாக மிருதங்கம் கற்கிறான். அவன் வாசிப்புக்கு ஏற்றபடி ஒரு குத்துவிளக்கின் சுடர் ஏறி இறங்க வேண்டும், அதை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அனிமேஷனாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒலியின் வீச்சு ஏறி இறங்குவதை மட்டும் ஒரு கோடாகப் பிரித்தெடுத்தால் போதும். அந்தக் கோட்டைத்தான் என்வலப் என்கிறார்கள். பிளெண்டரிலேயே ஒலியைக் கோடாக மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் பைதான் நிரல்மொழியில் நானே எழுதத் தொடங்கினேன்.

முதல் பதிவைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. போனில் இருந்த குரல்பதிவுச் செயலி ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கிச் சமன்செய்துவிடுகிறது. பேச்சுக்கு அது நல்லதுதான். இங்கே மெல்லிய அடியும் ஓங்கிய அடியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றன. தனி மைக் வைத்து, கணினியில் ஒலியளவை ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

பதிவு நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு அத்தனை முறை அளந்த எண்கள். அனிமேஷன் நொடிக்கு 24 பிரேம். அப்படியென்றால் ஒரு பிரேமுக்கு 2,000 சாம்பிள். அந்த 2,000ல் ஏதோ ஒன்றை எடுத்து வைத்தால் ஒன்றும் தேறாது. ஒலி அலை மேலும் கீழும் போய்வருவதால், எடுத்த சாம்பிள் சுழியைக் கடக்கும் இடமாகவும் இருக்கலாம். அதனால் எல்லா மதிப்பையும் நேர்மதிப்பாக்கிவிட்டு, வேகமான அசைவுகளை நீக்கி மெதுவானவற்றை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டரில் அதை விட்டேன். பழைய ஏஎம் ரேடியோவில் ஒரு டயோடும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து செய்யும் வேலையும் இதேதான்.

சுடர் ஆடியது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமா, விளக்கு எனக்குப் பின்னாலயே வருது" என்றான்.

அவன் சொன்னது சரி. நொடிக்கு 3 முறைக்கு (3 ஹெர்ட்ஸ்) மேலான அசைவுகளை வெட்டும் என் ஃபில்டர் ஏறத்தாழ 75 மில்லிசெகண்ட் பின்தங்குகிறது, அதாவது கிட்டத்தட்ட 2 பிரேம். எனக்குக் கண்ணில் படாதது, வாசித்த கைக்குத் தெரிந்துவிட்டது. பைதானுக்கான சைபை என்ற கணித நூலகத்தில் உள்ள ஃபில்ட்ஃபில்ட் என்ற கட்டளை, அதே ஃபில்டரை ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் ஓட்டுகிறது. இரண்டு தாமதமும் ஒன்றையொன்று அடித்துவிடும். முழுப் பதிவும் கையில் இருப்பதால் இது முடிந்தது, நேரலைக் கச்சேரிக்கு ஆகாது.

அடுத்த சிக்கல்தான் என்னை இரண்டு வாரம் உட்காரவைத்தது. நிமிடத்துக்கு 60 தட்டு போகும் ஆதி தாளத்தில், ஒரு தட்டுக்கு 8 அடி விழும்போது இரண்டு அடிகளுக்கு நடுவே 125 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது, அதாவது 3 பிரேம். நான் எடுத்த மென்மையான கோட்டில் இந்த அடிகள் எல்லாம் ஒரே மேடாக உருகிவிட்டன. வேகமாக வாசிக்க வாசிக்கச் சுடர் அசையாமல் நின்றது! ஃபில்டரை விட்டுவிட்டு, குறிப்பிட்ட நீளமுள்ள சிறு நேரத்துண்டுக்குள் (விண்டோ) ஆர்எம்எஸ், அதாவது மதிப்புகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம், எடுத்துப் பார்த்தேன். 200 மில்லிசெகண்ட் விண்டோவிலும் அதே கதி.

சரி, குறைப்போம் என்று ஒரேயடியாக 3 மில்லிசெகண்டுக்குப் போனேன். இப்போது மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் விழும் 'தொம்' கெடுத்தது. என் பதிவில் அந்த ஒலி சுமார் 90 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கு 11 மில்லிசெகண்ட். விண்டோ அலையைவிடச் சிறியதாக இருந்தால் என்வலப் அந்த அலையின் மேடுபள்ளத்தையே பின்தொடரும், நொடிக்கு 180 முறை. அதை 24 பிரேமில் எடுத்தால் ஒரு பிரேம் வெளிச்சம், அடுத்த பிரேம் மங்கல் என்று ஒரு பொய்த் துடிப்பு வருகிறது. படத்தில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியுமே, அதே காரணம்தான்.

ஆக, விண்டோ மிகத் தாழ்ந்த ஒலியின் ஓர் அலையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், மிக நெருக்கமான இரண்டு அடிகளின் இடைவெளியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். எனக்கு 11க்கும் 125க்கும் நடுவே. 30 மில்லிசெகண்ட் வைத்தேன், ஒவ்வொரு அடியும் தனியாக நின்றது. அப்புறம் ஒவ்வொரு பிரேமுக்கும் அதன் 2,000 சாம்பிளில் வரும் உச்சத்தை எடுத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் 'நம்' போன்ற கூர்மையான அடிகளின் உச்சம் பிரேம்களுக்கு நடுவே தொலைந்துவிடுகிறது.

என்வலப்பை நேரடியாகக் கணக்கிடும் ஹில்பர்ட் மாற்றம் என்ற கணித முறையையும் முயன்றேன், பலரும் அதையே சிபாரிசு செய்கிறார்கள். உயர்ந்த ஒலி தரும் மறுபக்கமான வலந்தலையின் ஒலியில் நேரடியாகப் போட்டால் கோடு நடுங்குகிறது. வலந்தலையின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சான கரணை, அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களை அதன் முழுஎண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது என்பதை சி.வி.ராமன் 1920லேயே எழுதியிருக்கிறார். காதுக்கு இனிமையான அந்தக் குணத்தால்தான், மேற்சுரங்கள் எல்லாம் சேர்ந்து அடிப்படைச் சுரத்தின் வேகத்திலேயே என்வலப்பை ஆட்டுகின்றன. 60 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பிரித்தெடுத்த தொப்பி ஒலியில் ஹில்பர்ட் அழகாக வேலை செய்தது.

மெல்லிய அடிகளுக்குச் சுடர் அசையவே இல்லை என்பதால் மதிப்புகளை, மெல்லிய ஒலிகளையும் தெரியும்படி காட்டும் டெசிபல் அளவுகோலுக்கு மாற்றி, -40 டெசிபலைச் சுழியாகவும் உச்சத்தை 1 ஆகவும் வைத்தேன். இறங்குவதை 80 மில்லிசெகண்ட் நேர மாறிலியால் மெதுவாக்கினேன். சுடர் சட்டென எழுந்து மெதுவாகத் தணிய வேண்டும், அப்போதுதான் அது நெருப்பு.

பிறகு தலைகீழாகச் செய்யத் தோன்றியது. விளக்கருகே ஆடும் ஒரு பொம்மையின் பாத அசைவிலிருந்து என்வலப் எடுத்து, அதைச் சலங்கை ஒலியின் அளவாகக் கொடுத்தேன். பொம்மை சும்மா நிற்கும்போதும் சலங்கை குலுங்கியது. பாதம் 20 டிகிரி சாய்ந்து நிற்கிறது, அந்த 20ஐயே வீச்சு என்று எடுத்துவிட்டது நிரல். கோணத்தை விட்டு, ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்குமான வித்தியாசத்தை, அதாவது வேகத்தை எடுத்ததும் சரியானது. நொடிக்கு 3 முறை தட்டும் பாதத்துக்கு ஒரு சுற்று 8 பிரேம். போகும்போது ஓர் உச்சம், வரும்போது ஓர் உச்சம், ஆக 4 பிரேமுக்கு ஒன்று. 5 பிரேம் விண்டோவில் உச்சம் எடுத்தால் நடுவில் பள்ளம் விழாது.

இன்னும் ஒரு கரகரப்பு மிச்சமிருந்தது. ஒரே மதிப்பை 2,000 சாம்பிளுக்குப் பிடித்துவைத்து, பிறகு அடுத்ததற்குத் தாவியதால் பிரேமுக்கு ஒரு சொடுக்கு கேட்டது. இரண்டு மதிப்புகளுக்கு நடுவே நேர்கோடு போட்டதும் அது போய்விட்டது.

நேற்று அவன் புதிய பதிவு ஒன்றைக் கொண்டுவந்தான், தொப்பியில் நிறைய கும்கி வாசித்திருக்கிறான். அதில் சுருதி வழுக்கி ஏறுவதுதான் அழகு. என்வலப்பில் அது எதுவுமே தெரியவில்லை, சாதாரண 'தொம்' போலவே இருக்கிறது. சுருதியைத் தனிக் கோடாக எடுத்து, அதற்கேற்பச் சுடரைப் பக்கவாட்டில் சாய்க்கலாமா என்று பார்க்கிறேன்.