மேற்கு மாம்பலம் மருந்துக்கடை: பயிற்சிக் குறிப்புகள்

நவம்பர் 11, 2024, திங்கள்

டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) பாடம் முடிந்தாலும் 500 மணி நேரக் கடைப் பயிற்சி பாக்கி. மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. அதில் பாதி, சீட்டைப் பார்த்து நேராக மருந்து கொடுத்த நேரமாக இருக்க வேண்டும். கல்லூரி லேபில் கலமைன் லோஷன் கலக்கிய கைக்கு இங்கே முதலில் கிடைத்தது கத்தரிக்கோல்.

"பேட்ச் நம்பரும் தேதியும் எந்த முனையில இருக்குன்னு பாரு. அதுக்கு எதிர்முனையிலேர்ந்து வெட்டு" என்றார் அக்கா. (கடையின் பார்மசிஸ்ட். எல்லாருக்கும் அவர் அக்காதான், எழுபது வயது மாமாக்களுக்கும்.) அப்படி வெட்டினால் கடையில் மிஞ்சும் அட்டையில் தேதி இருக்கும். வாங்கிப் போகிறவர் கையில்? பெயரும் இல்லாத, தேதியும் இல்லாத ரெண்டு மாத்திரை. அதனால் கவர் மேல் மருந்தின் பெயர், பவர், காலாவதி மாதம் மூன்றையும் எழுதச் சொல்கிறார். கூட்ட நேரத்திலும் விடுவதில்லை.

நவம்பர் 14, வியாழன்

சரக்கு அடுக்கினோம். சீக்கிரம் காலாவதி ஆவது முன்னால், புதுசு பின்னால். அட்டையில் 11/2024 என்று இருந்தால் இந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். வேறொன்றும் இல்லை, இடுப்பு வலிதான்.

நவம்பர் 19, செவ்வாய்

வாட்ஸப்பில் வந்த பழைய சீட்டின் போட்டோவைக் காட்டி, "செஃபிக்சிம் ஒரு அட்டை கொடுங்க" என்று ஒரு பையன். அது ஆன்டிபயாட்டிக். சீட்டில் இருந்தது அவன் சித்தப்பா பெயர். அக்கா தரவில்லை. "பக்கத்துக் கடையில கேட்காமலே தர்றாங்க" என்று முனகிக்கொண்டே போனான். தருகிறார்கள்தான், அதுதான் எரிச்சல்.

அவன் போனதும் எச்1 பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். எச்1 என்ற பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் எழுதி வைக்கிற நோட்டு. டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் ஏற்ற வேண்டும். மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இந்த விதி. சில வீரியமான ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, ஆல்பிரசோலம் மாதிரி பழக்கமாகிவிடுகிற மாத்திரை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால் நோட்டை எடு என்பது அக்காவின் சுருக்க விதி.

நவம்பர் 23, சனி

கைக்குழந்தையோடு ஒரு பெண். டாக்டர் பாராசிட்டமால் டிராப்ஸ் எழுதியிருந்தார். எடுத்துக் கொடுத்தாயிற்று, பில்லும் போட்டாயிற்று. அக்கா சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "போன தடவ எவ்வளவும்மா கொடுத்தே?"

"ரெண்டரை மில்லிக்கா."

அது சிரப். 5 மில்லியில் 125 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 25. டிராப்சில் மில்லிக்கு 100. அதே ரெண்டரை மில்லியை ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். அக்கா பெட்டியைத் திறந்து, சீட்டில் எழுதியிருந்த அளவுக்குச் சரியாகச் சொட்டுக்குழாயில் பேனாவால் கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்கு மேல போகாத. பழைய சிரப் மூடிய இதுக்கு எடுக்காத." அந்தப் பெண் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சில்லறையை வாங்கினார்.

அளவு எவ்வளவு என்று பரீட்சையில் கேட்பார்கள். போன தடவை என்ன கொடுத்தாய் என்று கேட்கச் சொல்லி எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

"இந்தக் கேப்ஸ்யூல் ஒண்ணும் கேக்கலைடிம்மா" என்றார் இழுப்புக்காக ரோட்டாகேப் வாங்கும் மாமி. இந்தத் தடவை நானே கேட்டேன், "வீட்டுல எப்படிப் போட்டுக்கறேள், காட்டுங்கோ." தண்ணீர் பாட்டிலைத் தேடினார்! கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டியதை இத்தனை நாளாக விழுங்கியிருக்கிறார். காலி கருவியை வைத்துப் பழக்கிவிட்டோம். உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்கவும் சொன்னோம்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், நாங்கள் பாதி ஷட்டர் திறந்து உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ் கதவில் "திறக்காதே" என்று காகிதம் ஒட்டினார் அக்கா. இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஐஸ்கட்டியைப் பக்கத்தில் வைத்தால் நல்லதுதானே என்றேன். கூடாதாம், உறைந்துவிட்டால் உருகின பிறகும் உதவாது. வைப்பதானால் துணியில் சுற்றி, குப்பியில் படாமல்.

முழங்கால் தண்ணீரில் ஒருத்தர் வந்து ஊசி மட்டும் கேட்டார். வீட்டில் 40 யூனிட் (மில்லிக்கு 40) இன்சுலின் குப்பி இருக்கிறதாம், "ஆரஞ்சு மூடி போட்டது கொடுங்க" என்றார். அது 100 யூனிட் குப்பிக்கான ஊசி. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சிவப்பு மூடியை எடுத்துக் கொடுத்தேன். 100 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசியைப் போட்டால் இன்னும் மோசம், 20க்குப் பதில் 50 ஏறிவிடும். இனி குப்பியின் அட்டைப்பெட்டியையும் கொண்டுவரச் சொல்லி அனுப்பினோம்.

டிசம்பர் 3, செவ்வாய்

பயிற்சி நோட்டில் அக்கா கையெழுத்து வாங்கியாயிற்று. நாளை முதல் கிறுக்கல் சீட்டுக்கு டாக்டருக்கு போன் போடுவது என் வேலையாம். ஓ.பி. நேரத்தில் போட்டால் கத்துவார்கள், ரெண்டு மணிக்கு மேல் போடு என்று இப்போதே சொல்லிவிட்டார்.