அக்கா 189 கிலோ கொழுந்து எடுத்த கதை

அட்டன்ல ரெண்டு நாளா விடாத மழை. அக்கா மகன் ஓ லெவல் எழுதிட்டு சும்மா இருக்கான். "மாமா, கோடிங் படிக்க லெப்டொப் வேணுமா?"ன்னான். வேணாம். போன்ல பைட்ரொய்ட் போட்டுக் குடுத்தேன், பைத்தன்ங்கிற கோடிங் மொழியை போன்லயே எழுதி ஓட்டுற ஆப். ஒருக்கா இறக்கிட்டா சிக்னல் இல்லாட்டியும் பைத்தன் ஓடும். லயத்துல அது பெரிய விஷயம்.

முதல் புரோகிராமே அக்காவோட கொழுந்துக் கணக்குத்தான். காலையில 18, அந்திக்கு 9. கூட்டச் சொன்னா 189ன்னு வருது! "அடேய், இதைக் கொண்டுபோய் கணக்கப்பிள்ளைகிட்ட காட்டுடா"ன்னு அக்காவுக்கு சிரிச்சு முடியல. இன்புட்ல வர்றதை பைத்தன் எழுத்தாத்தான் எடுக்கும். எழுத்தைக் கூட்டினா பக்கத்துல பக்கத்துல ஒட்டிரும். எழுத்தை எண்ணா மாத்துற இன்ட் (int) போட்டதும் 27.

சாட்ஜிபிடி உடனே திருத்தித் தந்திருக்கும். நான்தான் கேக்க விடல, அரை மணித்தியாலம் முழிச்சான்.

(ஜாவாவுல தொடங்காம என்ன படிப்புன்னு கேக்கிற அண்ணமாருக்கு: பைத்தன் 1991, ஜாவா 1995. யாரு மூத்தவன்?)

இப்ப, குடுத்த அளவுக்கு மேல எடுத்த கிலோவுக்குத் தனிக் காசு சேர்க்கணுமாம். இன்னைக்கு ராத்திரி இஃப் (if) பாடம், 'இப்படி இருந்தா இதைச் செய்'னு சொல்றது. கரண்ட் இருந்தா.