கோப்பில் எழுதிய காரணம்

அந்தச் சேற்றுப் பரப்பில் அலையாத்தி நடாமல் விட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஏன் விட்டோம் என்று கோப்பில் நான் எழுதிய வரிகள்தான் உறுத்துகின்றன.

எழுதியது இவ்வளவுதான்: மட்டம் தாழ்வு, ஓதம் (கடல் நீரேற்றம்) வற்றிய பின்னும் நீர் நிற்கிறது, வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் கன்றுகள் பிழைக்க வாய்ப்புக் குறைவு. மூன்றும் உண்மை. வெண்கண்டலுக்கு உப்புநீர் வந்து போக வேண்டும். வந்தது வடியாமல் நின்றால் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சு வேர்களால் பயனில்லை, கன்று அழுகிவிடும். பிலிப்பைன்ஸில் அலையாத்தி நடவுகள் தோற்ற கதை பெரும்பாலும் இதுதான். மரம் வளரக்கூடிய மேட்டில் மீன் பண்ணை இருக்கும். உரிமை கேட்க ஆளில்லாத தாழ்வான சேறுதான் நடவுக்கு மிஞ்சும்.

எண்ணூரில் மேட்டுக்கும் பஞ்சமில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருக்கிறது. மண்வெட்டியை இறக்கினால் மேலே ஒரு சாண் வெளிர்ச் சாம்பல், அதற்கடியில்தான் கறுப்புச் சேறு. ஓதம் எட்டாத அந்த இடங்களில் மீன்முள் வாய்க்கால் வெட்டினோம். பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் செய்து காட்டிய முறை அது. கழியிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் உள்ளே போய் உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பும், கன்று வாய்க்கால் கரையில் நிற்கும். இந்த வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறையெல்லாம் கீழே இருந்த சேற்றுப் பரப்பைப் பற்றித்தான். முதல் வரைபடத்தில் அதுவும் நடவுப் பகுதி. நான் தரையின் உயரத்தை அளந்து லெவல் எடுத்து முடித்து முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தபோது இருளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி கரையில் வந்து நின்றார். வலை, படகு எதுவும் இல்லாமல் கையால் இறால் பிடிப்பவர். இடுப்பளவு நீரில் குந்தி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்படுவதைப் பல்லால் கவ்வியிருக்கும் ஓலைக் கூடையில் போட வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த காக்கா ஆழி என்ற சிப்பி சில வருடங்களாக ஆற்றின் அடித்தரையில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, இறால் புதைய இடமில்லாமல் செய்துவிட்டது. அவர் விரல் நுனிகளில் அதன் ஓடு கீறிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. ஆழி அதிகம் பரவாமல் மிஞ்சியிருந்த இடங்களில் ஒன்று இந்தப் பரப்பு.

“கூலி எத்தனை நாளைக்கு, சார்?”

“நடவு முடியும்வரை, அக்கா. நாற்றங்காலில் பை நிரப்பவும் ஆள் வேண்டும்.”

“அதற்கப்புறம் இங்கே இறங்கலாமா?”

“கன்று வேர் பிடிக்கும்வரை மிதிக்கக் கூடாது.”

“அது எத்தனை நாள்?”

“மூன்று வருடம்.”

கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு நீரில் இறங்கிவிட்டார். கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓதம் ஏறத் தொடங்கும் நேரமும் அதுதான். இன்னும் சற்றுப் பேசிக்கொண்டிருந்தால் அன்றைய பிடிப்பு போயிருக்கும். இரண்டில் எது என்று நான் யோசித்த அளவுக்கு அவர் யோசித்திருக்க மாட்டார்.

அன்றிரவு வரைபடத்தில் நடவு எல்லைக் கோட்டை மேலே தள்ளி, அந்தப் பரப்பை வெளியே விட்டேன். லெவல் கணக்குதான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொள்ள முடியாதபடி ஒரு இடைஞ்சல் இருக்கிறது. அந்த எண்கள் காலையிலேயே என் நோட்டில் இருந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரிடம் மூன்று வருடம் என்றேன்.

அப்படியானால், இங்கே இவர்கள் தொழில் செய்கிறார்கள் என்றே எழுதியிருக்கலாமே? எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்பார்கள். தனி ஆய்வு வேண்டும் என்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாய்க்கால் வெட்டும் காலம் கைவிட்டுப் போகும். “எண்ணைக் கொடு, யாரும் கேட்க மாட்டார்கள். ஆளைக் காட்டினால் விசாரணை வரும்” என்றார் எங்கள் மூத்த பொறியாளர். அவர் சொன்னபடியே மாற்றம் ஒரே கூட்டத்தில் ஒப்புதல் பெற்றது.

மக்களிடம் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஊர்க் கூட்டத் தீர்மானம் கோப்பில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகையும் வலையையும் அலையாத்தி வேரையும் கறுப்பாக்கிய பிறகு, நடவு என்றால் ஊரே முன்வந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் படகு வைத்திருப்பவர்கள்; அவர்கள் பட்ட இழப்பும் சிறிதல்ல. இருளர் குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரும் வழக்கமில்லை. மக்கள் பங்கேற்பு என்ற தலைப்பின் கீழ் அவர்கள் வருவது கூலிப் பட்டியலில். அந்தப் பெண்மணியும் பை நிரப்ப வந்தார். கோட்டை மாற்றியதை அவரிடம் நான் சொல்லவில்லை, எல்லைக் கொடி நட்டபோது தெரிந்திருக்கும். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பகுதி விட வேண்டும். நல்ல விதிதான். இன்னும் கடுமையாக இருந்தாலும் வரவேற்பேன். ஆனால் நாங்கள் நட்டு வளர்ந்த காட்டுக்குள் யார் இறங்கலாம் என்று பிற்பாடு முடிவு செய்யப்போவது நாங்கள் அல்ல. அதனால் காடே வராமல் பார்த்துக்கொள்வது எனக்குப் பத்திரமாகத் தோன்றியது.

பத்திரம் எவ்வளவு காலத்துக்கு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. சேற்று மட்டம் நிலையானதல்ல. மழைவெள்ளம் மண் கொண்டுவரும், சாம்பலும் படியும். பரப்பு விரலளவாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வெண்கண்டலுக்கு ஏற்ற உயரம் வந்துவிடும், அன்றோடு என் காரணம் காலாவதி. இது எழுதும்போதே தெரியும். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டாம் கட்டத்துக்கு வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் போனில் கேட்டார். பழைய வரைபடத்தில் அந்தப் பரப்பு காலியாக இருக்கிறதாம், புதிதாக எடுத்த லெவலில் பாதிக்கு மேல் தேறுகிறதாம், நடலாமா? இறால் பிடிப்பவர்களைப் பற்றி விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “ஆனால் அறிக்கையில் அது இல்லையே, சார்” என்றார்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு யார் யார், எந்தெந்த மாதங்களில் இறங்குகிறார்கள் என்ற விவரம் வேண்டும். எங்களிடம் அவர்களுடைய பெயர்கள் இருக்கும் ஒரே தாள் கூலிப் பட்டியல். அதை இணைத்தால், நடவில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள், ஆகவே நடவுக்குச் சம்மதித்தவர்கள் என்றுதானே படிப்பார்கள்?